புள்ளி வேறு, புகை வேறு

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மாதத்தில் வட இந்தியாவைப் பற்றி ஒரு செய்தியைப் படிக்கிறீர்கள். தில்லியில் புகைமூட்டம், பள்ளிகளுக்கு விடுமுறை, விமானங்கள் தாமதம். அச்செய்தியுடன் பெரும்பாலும் ஒரு படமும் வெளிவரும். பஞ்சாப், அரியானா மாநிலங்களின் மேல் யாரோ குங்குமத்தை அள்ளித் தெளித்தாற்போல் செந்நிறப் புள்ளிகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் அறுவடைக்குப் பின் ஒரு வயலில் வைக்கப்பட்ட தீ என்று அடியில் எழுதியிருப்பார்கள். செயற்கைக்கோள் கண்டுபிடித்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அந்தப் புள்ளியைச் செயற்கைக்கோள் எப்படி வைக்கிறது? பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஓர் ஏக்கர் வயலில் எரியும் தாளை அது காண்பது எங்ஙனம்? காணாமல் விடுவதும் உண்டா? உழவருக்கு அபராதம் விதிப்பதும், “எங்கள் மாநிலத்தில் தீ குறைந்துவிட்டது” என்று அரசுகள் பெருமை கொள்வதும் இந்தப் புள்ளிகளை எண்ணித்தான். எனவே இதன் வரலாற்றை நாம் அறிந்திருப்பது அவசியமாகிறது.

முதல் கண்கள்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்கா டைராஸ்-1 என்னும் செயற்கைக்கோளை ஏவியது. வானிலையை ஆராய்வதற்கென்றே அனுப்பப்பட்டு வெற்றி கண்ட முதல் செயற்கைக்கோள் இதுவே. அதில் சிறிய தொலைக்காட்சிக் காமிராக்கள் இரண்டு இருந்தன. 78 நாட்கள் மட்டுமே வேலை செய்த அது, பூமியின் மேகங்களை ஆயிரக்கணக்கான படங்களாக அனுப்பிவைத்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை, புகையும் வெள்ளை! வானிலை அறிஞர்கள் தேடியது மேகத்தை. புகை அவர்களுக்குப் படத்தைக் கெடுக்கும் அழுக்காகவே தோன்றியது.

1972 ஜூலை 23-இல் லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் பறந்தது. நிலத்தையும் பயிரையும் காடுகளையும் ஆராய்வதே இதன் நோக்கம். இதன் படங்களில் வயல்களின் எல்லைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் ஒரே இடத்திற்கு இது 18 நாட்களுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். வயலில் இட்ட தீயோ அரைமணி, ஒருமணி நேரத்தில் அணைந்துவிடும். பதினெட்டு நாளுக்கு ஒருமுறை ஊரைச் சுற்றிவரும் காவற்காரன் திருடனைப் பிடிப்பானா?

அதே காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள் நிலவொளியில் மேகங்களைக் காணும் நுட்பமான கருவிகளைச் சுமந்து சென்றன. அவற்றின் இரவுப் படங்கள் பின்னர் பொது ஆராய்ச்சிக்குக் கிடைத்தன. தாமஸ் கிராஃப்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அவற்றை உற்று நோக்கினார். நகரங்களின் விளக்கொளி தெரியும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் பெரிய நகரங்களே இல்லாத ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் ஒளிப்புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவை உழவர்களும் மேய்ப்பர்களும் நிலத்தைச் சீர்படுத்த வைத்த தீ என்பதை 1970-களில் அவர் எழுதிய கட்டுரைகள் உலகுக்கு எடுத்துரைத்தன. மனிதன் தீயைக்கொண்டு எவ்வளவு பரந்த நிலத்தை ஆள்கிறான் என்பது அப்போதுதான் கண்முன் விரிந்தது. எனினும் அக்கருவிக்கு விளக்கு வேறு, தீ வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பகலில் தீயைக் காணவும் இயலாது.

கொல்லன் உலை சொல்லும் பாடம்

விளக்கையும் தீயையும் பிரித்தறியும் வழி பௌதிகத்தில் இருந்தது. கொல்லுப்பட்டறையை நினைத்துப் பாருங்கள். உலையில் இட்ட இரும்பு முதலில் கறுப்பாகவே இருக்கும். ஆனால் அருகில் கையைக் கொண்டுபோனால் சுடும். மேலும் சூடேற அது சிவக்கும், பின்பு மஞ்சளாகும், இறுதியில் வெண்மையாக ஒளிரும். ஒரு பொருள் சூடேறச் சூடேற அது வீசும் கதிர்களின் அலைநீளம் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் இதன் பொருள். இதனை ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வீன் 1893-இல் விதியாக வகுத்தார்.

சாதாரண நிலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். வீன் விதிப்படி அது வீசும் அகச்சிவப்புக் கதிர்களின் உச்சம் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அமைகிறது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) எரியும் தாளின் வெப்பநிலையை 800 கெல்வின் என்று கொள்வோம். அதன் உச்சம் 4 மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது சிறு கணக்கு ஒன்று செய்து பார்ப்போம். 11 மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தால், அதே பரப்புள்ள நிலத்தைவிடத் தீ 19 மடங்கு பிரகாசமாகத் தெரியும். 3.7 மைக்ரானில் பார்த்தாலோ 3,000 மடங்குக்கும் மேல்! நிலமும் தீயும் ஒன்றையொன்று விட்டு இவ்வளவு தூரம் விலகி நிற்கும் அலைநீளம் அது.

1978 அக்டோபர் 13-இல் ஏவப்பட்ட டைராஸ்-என் செயற்கைக்கோளிலும், அதன் வழிவந்த நோவா வரிசைச் செயற்கைக்கோள்களிலும் இந்த 3.7 மைக்ரான் கதிரைக் காணும் கருவி இருந்தது. ஆனால் அதனை அங்கே பொருத்தியது தீயைக் காண்பதற்காக அன்று. கடல்நீரின் வெப்பநிலையை இரவிலும் அறிவதற்காக. அந்தப் படங்களில் எண்ணெய் வயல்களிலும் எஃகு ஆலைகளிலும் சுடர்ப்புள்ளிகள் தோன்றுவதை மைக்கேல் மேட்சன், ஜெஃப் டோசியர் என்னும் இருவர் கவனித்தனர். படத்தின் ஒரு புள்ளியைவிட மிகச் சிறிய தீயையும் இம்முறையில் கண்டறியலாம் என்று 1981-இல் அவர்கள் நிறுவினர்.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? அக்கருவியின் ஒரு படப்புள்ளி தரையில் 1.1 கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட சதுரம். அதாவது 12 லட்சம் சதுர மீட்டர். அதற்குள் கால் ஏக்கர், ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், எரிகிறது என்று கொள்ளுங்கள். பரப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 3,000 மடங்கு பிரகாசம் இருப்பதால், அந்தச் சதுரம் முழுவதும் வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு ஒளிர்ந்துவிடுகிறது. அண்டாப் பாலில் விழுந்த ஒரு துளி நீலம் பால் முழுவதையும் நிறம் மாற்றுவது போன்றதே இது. நாம் செய்தித்தாளில் காணும் புள்ளி பிறந்த கதை இதுதான்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். சதுரம் முழுவதும் ஒளிர்கிறது. சதுரம் முழுவதும் எரியவில்லை.

புள்ளி பெருத்தது

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பிரேசில் நாடு காட்டியது. அமேசான் பகுதியில் மேய்ச்சல் நிலத்துக்காகவும் பயிர் நிலத்துக்காகவும் காட்டை வெட்டி, காயவிட்டு, வறண்ட மாதங்களில் கொளுத்துவது வழக்கம். அந்நாட்டு விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ செட்சரும் அவருடைய சக ஆய்வாளரும் 1987 ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நோவா-9 அனுப்பிய படங்களில் தீப்புள்ளிகளை எண்ணினர். கிடைத்த எண்ணிக்கை 3,50,000. அதிலிருந்து 2 கோடி ஹெக்டேர் நிலம் எரிந்திருக்கும் என்று மதிப்பிட்டனர். அமேசானின் புகையைப் பற்றி உலகெங்கும் பரபரப்பு எழுந்தது.

அந்தப் பரபரப்பால் விளைந்த நன்மை பெரிது. எங்கோ ஒரு காட்டில் நடப்பது உலகத்தார் அனைவரின் கவலையாயிற்று. ஆனால் மதிப்பீட்டில் குறை இருந்ததை மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். சிறு தீயும் சதுரம் முழுவதையும் ஒளிரச் செய்துவிடும் அல்லவா? மேலும் அக்கருவியின் 3.7 மைக்ரான் உணர்வி ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எது வந்தாலும் அதற்கு ஒன்றே. கொதிக்கும் வெயிலில் காய்ந்த வெறுந்தரையும் அதற்குத் தீயாகத் தோன்றலாம். லாண்ட்சாட் படங்களைக் கொண்டு காடழிந்த பரப்பை அளந்தபோது, அது முதல் மதிப்பீடு எண்ண வைத்ததைவிட மிகக் குறைவாக இருந்தது.

தீ இருந்தது உண்மை; புகை இருந்தது உண்மை. ஆனால் புள்ளியைத் தீயின் பரப்பாகக் கொண்டது மிகையாயிற்று.

ஓசோனைத் தேடியபோது கிடைத்த புகை

தீயைக் கண்டாயிற்று. புகையைக் காண்பது எப்படி? தீ நின்ற இடத்தில் நிற்கும். புகையோ காற்றோடு ஊர் ஊராகப் போகும். மூச்சில் நுழைவதும் அதுதான்.

1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோன் படலத்தை அளக்க ஒரு கருவி இருந்தது. அது புற ஊதாக் கதிர்களில் பூமியைப் பார்த்தது. காற்றின் மூலக்கூறுகள் புற ஊதாக் கதிர்களை நன்கு சிதறடிக்கும். ஆதலால் அக்கண்ணுக்குப் பூமியின் மேல் காற்றே ஒரு வெண்திரைபோல் ஒளிர்கிறது. புகைத் துகள்களோ அக்கதிர்களை விழுங்குகின்றன. எனவே வெள்ளைத் திரையில் படிந்த கறைபோலப் புகை தனித்துத் தெரியும். இப்பண்பைப் பயன்படுத்திப் புகையை வரைபடமாக்கலாம் என்று கிறிஸ்டினா சூ முதலிய நாசா ஆய்வாளர்கள் 1996-இல் காட்டினர். விந்தை என்னவென்றால், அந்தக் கருவி 1978 முதலே வேலை செய்துவந்தது. பல ஆண்டுகளின் புகை, யாரும் படிக்காத கடிதம்போல, ஓசோன் பதிவேடுகளுக்குள் உறங்கிக் கிடந்திருக்கிறது!

அடுத்த ஆண்டே இக்கலைக்குச் சோதனை வந்தது. 1997-இல் எல் நினோவினால் மழை பொய்க்க, இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் தோட்டப் பயிர்களுக்காக நிலம் திருத்த வைத்த தீ, சதுப்பு நிலங்களின் புதைகரி மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் புகைந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் மூச்சுத் திணறின. புகை கடலைக் கடந்து இந்துமாக்கடலின் மேல் படர்வதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. புகைக்கு எல்லைக்கோடு இல்லை என்பது கண்கூடாயிற்று. தென்கிழக்கு ஆசிய நாடுகள் எல்லை கடக்கும் புகையைப் பற்றி 2002-இல் ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டன.

ஆனால் புற ஊதா முறைக்கும் ஒரு குறை உண்டு. உயரே எழுந்த புகையை அது நன்கு காணும். தரையை ஒட்டித் தவழும் புகையைச் சரியாகக் காணாது. ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாபின் புகை தவழுவதோ தரையை ஒட்டித்தான்.

தீக்கெனவே படைத்த கண்

1999 டிசம்பர் 18-இல் டெர்ராவும், 2002 மே 4-இல் அக்வாவும் ஏவப்பட்டன. இரண்டிலும் 36 வகை அலைநீளங்களில் பார்க்கும் மோடிஸ் என்னும் கருவி இருந்தது. தீயைக் காண்பதற்கென்றே அதில் தனி உணர்விகள் அமைத்தனர். பழைய கருவி 50 டிகிரியில் திகைத்து நின்றதல்லவா? இதனால் 200 டிகிரிக்கு மேலும் அளக்க முடிந்தது.

புகையை அளக்கவும் ஒரு நல்ல உபாயம் கிடைத்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் யோரம் காஃப்மன். புகைத் துகள் மிக நுண்ணியது. ஒரு மைக்ரானைவிடச் சிறியது. அது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் சிதறடிக்கும். ஆனால் 2.1 மைக்ரான் கதிர் அதனூடே தடையின்றிப் போய்விடும். எனவே அக்கதிரில் பார்த்தால் புகைக்கு அடியிலுள்ள நிலம் அப்படியே தெரியும். அந்த நிலம் புகையில்லாத நாளில் நீல ஒளியில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். உண்மையில் தெரியும் வெளிச்சம் அதைவிட அதிகமாக இருந்தால், மிகுதி புகையினால் வந்தது. மஸ்லின் திரையின் அடர்த்தியை, அதன் பின்னால் நிற்பவரின் முகம் எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு கணிப்பது போன்றது இது.

2011 அக்டோபர் 28-இல் சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் சென்றது. அதன் தீப்புள்ளி 375 மீட்டர் சதுரம். சின்னஞ்சிறு வயல் தீயும் இனி தப்பாது என்று எல்லாரும் நம்பினர்.

பஞ்சாபின் இருபது நாட்கள்

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். வைக்கோலை எதற்காகக் கொளுத்த வேண்டும் என்று நம் ஊர் உழவர் கேட்பார். இங்கே அது மாட்டுக்குத் தீனி. போராக வேய்ந்து பாதுகாக்கிறோம். பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமை வைக்கோலே தீனி. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று அதனை அவ்வளவாக விரும்புவதில்லை. அறுவடை இயந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு, அடித்தாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயலெங்கும் சிதறவிட்டுப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் அம்மாநிலத்தில் சேர்கிறது.

நெல் அறுத்தபின் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே உண்டு. இதற்கு ஒரு சட்டமும் காரணமாயிற்று. நிலத்தடி நீர் வேகமாக இறங்குவதைத் தடுக்க, ஜூன் 10-க்கு முன் நாற்று நடலாகாது என்று பஞ்சாப் அரசு 2009-இல் சட்டம் இயற்றியது. நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. கொளுத்தும் நாட்களும் நவம்பரை நெருங்கின. அப்போது காற்று வடமேற்கிலிருந்து மெல்ல வீசும். குளிரில் புகை மேலெழாது. வடக்கே இமயமலை மதில்போல் நிற்கும். புகை கங்கைச் சமவெளி நெடுகிலும் தேங்கும். நீரைக் காக்க இட்ட சட்டம் காற்றைக் கெடுத்ததை, செயற்கைக்கோள் பதிவுகளில் தீயின் உச்ச நாட்கள் ஆண்டுக்காண்டு நகர்ந்துவந்ததே காட்டிக் கொடுத்தது.

தில்லிக் காற்றுக்கு உழவர் மட்டும் பொறுப்பாளி அல்லர். வாகனங்கள், ஆலைகள், கட்டட வேலைகள், குப்பைத் தீ எல்லாவற்றுக்கும் பங்குண்டு. வயற்புகையின் பங்கு சில நாட்களில் மூன்றில் ஒன்றாக உயரும். சில நாட்களில் மிகச் சிறிதாக இருக்கும்.

கண் போனபின் மூண்ட தீ

2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாள் எரிப்புக்குத் தடை விதித்தது. தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்களுக்கு 2018 முதல் மானியம் வந்தது. மறுபுறம் அபராதம், நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு. புள்ளிகள் குறைந்தன. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, செப்டம்பர் நடு முதல் நவம்பர் இறுதி வரை பஞ்சாபில் 2020-இல் 83,002 தீ நிகழ்வுகள். 2024-இல் 10,909 மட்டுமே. எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே மேல்! மகிழத்தக்க செய்தி அல்லவா?

ஆனால் புகை அந்த அளவுக்குக் குறையவில்லை. காற்றிலுள்ள துகளை அளந்த செயற்கைக்கோள் கணக்கு ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருந்தது. நாசாவுடன் இணைந்து பணியாற்றும் ஹிரேன் ஜேத்வா என்னும் ஆய்வாளர் இந்த முரண்பாட்டைக் கவனித்தார். தீ இல்லாமல் புகை எங்கிருந்து வந்தது?

விடை கடிகாரத்தில் இருந்தது. தீப்புள்ளிகளைத் தந்த அக்வாவும் சுவோமியும் துருவப் பாதையில் சுற்றுபவை. பகலில் அவை இந்தியாவைக் கடந்துவந்தது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டித்தான். அந்தச் சில நிமிடங்களில் எரிந்தால் புள்ளி, எரியாவிட்டால் இல்லை. தென் கொரியா 2018-இல் ஏவிய ஜியோ-காம்ப்சாட்-2ஏ அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது. அதன் பதிவுகளில், முன்பு பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்கு உச்சத்தில் இருந்த தீ, அண்மை ஆண்டுகளில் நான்கிலிருந்து ஆறு மணிக்கு நகர்ந்துவிட்டதை அவர் கண்டார். துருவச் செயற்கைக்கோள்கள் கடந்து சென்ற பின்னரே வயல்கள் புகைந்தன!

செயற்கைக்கோள் வரும் நேரத்தை அறிந்தே உழவர்கள் இப்படிச் செய்தனர் என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. 2024 நவம்பரில் இந்தச் செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்களின் தகவலையும் பெறவேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. அதற்காக எரிப்பு குறையவே இல்லை என்று சொல்வதும் பிழை. எரிந்த வயலில் கருமை சில நாட்கள் தங்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் நுட்பமான படங்களில் அந்தக் கரிந்த பரப்பை அளந்தவர்களும் குறைவைக் கண்டனர். ஆனால் அது புள்ளிகள் காட்டிய அளவுக்கு இல்லை.

நிலைத்து நிற்கும் கண்ணுக்கும் குறை உண்டு. அது நெடுந்தொலைவில் இருப்பதால் அதன் படப்புள்ளி பெரியது. சிறு தீ அதில் கரைந்துபோகும். மேகம் மூடினால் எந்தக் கண்ணும் காணாது. அடர்ந்த புகையையே மேகம் என்று கணிப்பொறி எண்ணி, அதன் அடியில் எரியும் தீயைத் தள்ளிவிடுவதும் நடந்திருக்கிறது.

நாம் பெறும் பாடம்

1987-இல் அமேசானில் புள்ளி உண்மையை மிகைப்படுத்தியது. 2024-இல் பஞ்சாபில் அதே புள்ளி உண்மையைக் குறைத்துக் காட்டியது. இரண்டிலும் செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. “இந்த நேரத்தில், இந்தச் சதுரத்தில், இவ்வளவு வெப்பம் கண்டேன்” என்று மட்டுமே அது கூறிற்று. தீ எவ்வளவு, புகை எவ்வளவு, யார் குற்றவாளி என்பவை எல்லாம் நாம் அதன்மேல் ஏற்றிய பொருள்கள்.

இன்னொன்றும் தெளிவாகிறது. தீப்புள்ளியை எண்ணும் கருவி, காற்றின் துகளை அளக்கும் கருவி, கரிந்த நிலத்தைப் பார்க்கும் கருவி, தரையில் காற்றின் மாசை அளக்கும் நிலையம் ஆகிய நான்கும் ஒரே சேதியைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மற்றொன்றுக்கு மாறாகச் சொன்னால், அங்கேதான் ஆராய்ச்சி தொடங்க வேண்டும். ஜேத்வா செய்தது அதுவே.

அடுத்த ஐப்பசியில் அந்தச் செந்நிறப் புள்ளிகளின் படம் உங்கள் கைக்கு வரும். புள்ளி கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பதோடு நில்லாதீர்கள். எந்தச் செயற்கைக்கோள் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, அந்த நாளின் புகை அளவு என்ன என்று கேளுங்கள். வயலில் நிற்கும் உழவருக்கும், தில்லித் தெருவில் மூச்சிழுக்கும் குழந்தைக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமானால், அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும்.